சீமைப்பலாவுக்குப் பின்னால் ஒரு கம்பு

மார்ச் 3, செவ்வாய்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பவளத்திட்டில் வழுக்கி விழவில்லை. வலை இழுக்கும்போது அலை அடித்துத் தள்ளிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். தலைநகரம் சுவாவில் ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிக்கொண்ட பெண்ணிடமும் அதையேதான் சொன்னேன். அவள் பாவம், "ஐயோ" என்றாள்.

நடந்தது வேறு. சமையல் கொட்டகையில் தனியாக இருந்தேன். என் நாத்தனார் தித்திலியா புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு எப்படி நடப்பாள் என்று நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோழி மாதிரி கழுத்தை முன்னே நீட்டி, பின்பக்கத்தைப் பின்னாலேயே விட்டுவிட்டு. தரையில் மீன் கழுவிய தண்ணீர். அவ்வளவுதான். ஐம்பத்து மூன்று வயசு. சிரிக்கக்கூட ஆள் இல்லை, பூனை மட்டும் பார்த்தது. இடுப்பு எலும்பு ஏற்கெனவே உளுத்துப்போய் இருந்ததாம், அதனால்தான் அவ்வளவு சுலபமாக முறிந்ததாம். என் மானத்தைக் காப்பாற்ற டாக்டர் சொன்ன பொய்யாகவும் இருக்கலாம்.

இந்த நோட்டு ஆஸ்பத்திரியில் நடக்கப் பழக்கிவிட்டவள் கொடுத்தது. ஒரு நாளைக்கு எத்தனை அடி, வலி எவ்வளவு, இரண்டு மட்டும் எழுதச் சொன்னாள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கும். ஆனால் பென்சிலை எடுத்தால் நிற்க மாட்டேன் என்கிறது. வாய் மாதிரியே.

இன்று பதினோரு அடி. வலி நடுத்தரம்.

மார்ச் 5, வியாழன்

இன்னும் நம்ப முடியவில்லை. என்னைத் தூங்க வைத்து, காலைத் திறந்து, கெட்டுப்போன எலும்பை அறுத்து எடுத்து, உள்ளே ஓர் உருண்டையை வைத்துத் தைத்திருக்கிறார்கள். படம் காட்டினார்கள். எலும்பெல்லாம் புகை மாதிரி, நடுவில் அது மட்டும் வெள்ளை வெளேரென்று. கடலில் நிலா எழும்பும்போது இருக்குமே, அப்படி. அது எனக்குள் இருக்கிறது. நான் மரவள்ளிக்கிழங்கு உரிக்கும்போதும் அது உள்ளே பளபளத்துக்கொண்டுதான் இருக்கும். எந்தத் தேசத்தில் செய்தார்களோ. எவன் தேய்த்து வழவழப்பாக்கினானோ. கண்டாவுத் தீவில் மீன் பிடிக்கிற ஒருத்திக்குப் போகும் என்று அவன் நினைத்திருப்பானா?

மூன்று மாதத்துக்குத் தரையில் உட்காரக்கூடாது. சப்பணம் போடக்கூடாது. குனியக்கூடாது. என் கணவர் எரோனி பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கி வந்த உயரமான நாற்காலியில் இருக்கிறேன். அவர் பாயில், வருகிறவர்கள் எல்லோரும் பாயில். நான் மட்டும் எல்லார் தலைக்கும் மேலே. ஊர்த்தலைவர் வந்தால் என்ன செய்வேன் என்று நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.

தித்திலியா வந்தாள். அவள் எரோனியின் தங்கை. முப்பது வருஷமாக ஒரு நாள் விடாமல் என்னைக் கேலி செய்கிறவள். நானும் விட்டதில்லை. நாத்தனாரும் அண்ணியும் வேறெப்படி இருப்பார்கள்?

"அண்ணி, உள்ள இரும்பு வெச்சிருக்காங்களாமே. மழையில நிக்காத, துருப்பிடிச்சுடும்."

"உன் நாக்குல தேய்ச்சுக்குறேன். உப்புத்தாள் மாதிரிதானே இருக்கு" என்றேன்.

நன்றாக இருந்தது.

மார்ச் 9, திங்கள்

பதினாலு அடி. பயமாக இருக்கிறது. எதற்கு என்று தெரியவில்லை.

மார்ச் 12, வியாழன்

என்னமோ ஆகிவிட்டது எனக்கு.

நாலு நாளாகக் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. எரோனி தேங்காய்ப்பால் விட்டு மீன் சாறு வைத்துத் தருகிறார். வாயில் வைத்தால் துணியை மெல்லுகிற மாதிரி இருக்கிறது. பெண்கள் வலையோடு போகிற சத்தம் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பக்கூடப் பிடிக்கவில்லை. நான்தான் அந்தக் கூட்டத்தில் பெரிய தொண்டை. தண்ணீரை அடித்துக் கூச்சல் போட்டு மீனை வலைக்குத் துரத்துவது என் வேலை. இப்போது யார் கத்துகிறார்களோ.

இன்று தீவு நர்ஸ் பிரமிளா வந்திருந்தாள். பெரிய தீவில் பா என்கிற ஊர்க்காரி, கரும்புக்காட்டுக் குடும்பம், இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. தையலைப் பார்த்துவிட்டு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது தித்திலியா உள்ளே வந்தாள். மூலையில் ஆஸ்பத்திரி கொடுத்த கழிப்பறை நாற்காலியைப் பார்த்தாள்.

"முப்பது வருஷம் பாயில கிடந்தவளுக்கு இப்ப ரெண்டு சிம்மாசனம். ஒண்ணு சாப்பிட, ஒண்ணு மத்ததுக்கு. அவசரத்துல மாத்தி உக்காந்துடாத அண்ணி."

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. நல்ல பதில். வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. பன்றி கத்துகிற மாதிரி ஓர் அழுகை. தித்திலியா அப்படியே நின்றாள். முப்பது வருஷத்தில் அவள் சொன்ன ஒன்றுக்கு நான் அழுது அவள் பார்த்ததில்லை. நானும்தான் பார்த்ததில்லை.

பிரமிளா கேட்டாள். தூக்கம் எப்படி? எதிலாவது ஆசை இருக்கிறதா? சாகலாம் என்று தோன்றுகிறதா? எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்ல, காத்து மாறினதால" என்றேன். காத்து மாறவில்லை. போகும்போது வாசலில் எரோனியிடம் மெதுவாக ஏதோ பேசினாள்.

அடி எண்ணவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

சர்ச் முடிந்து தித்திலியா வந்தாள். கதவோரம் பாயில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கீங்க அண்ணி? சாப்பிட்டீங்களா?"

நீங்களா?

மார்ச் 18, புதன்

எல்லோரும் மாறிவிட்டார்கள். நான் கற்பனை செய்யவில்லை.

பெண்கள் வலையோடு போகும்போது என் வீடு வந்ததும் சத்தத்தைத் தாழ்த்துகிறார்கள். தாண்டிய பிறகு மறுபடி பேச்சு கேட்கிறது. வருகிறவர்கள் எல்லாம் "நல்லா இருக்கீங்களா, ஆண்டவர் காப்பார்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

ஊர்க் காரியஸ்தர் பெனியாசி வந்தார். எனக்கு மச்சான் முறை. வாய்க்கு வாய் பேசுகிற ஆள். நான் நாற்காலியில், அவர் கீழே. சோதித்துப் பார்க்கலாம் என்று, தெம்பே இல்லாமல், வேண்டுமென்றே இழுத்துப் பிடித்து ஒன்று சொன்னேன்.

"மச்சான், உன் தலை உச்சியில நிலா உதிச்சிருக்கு. மேல இருந்து பாத்தாத்தான் தெரியுது."

அவர் முகம் ஒரு மாதிரி துடித்தது. பிறகு, "ஆமாங்க. நன்றி" என்றார்.

நன்றி. வழுக்கைக்கு நன்றி.

மார்ச் 22, ஞாயிறு

போதகர் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்தார். "ஆண்டவரே, உமது அடியாளின் இரும்பைத் தேய்மானம் இல்லாமல் காத்தருளும்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரிக்கப் பார்த்தார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பெனியாசி இருமினார். போதகர் முகம் வெளுத்துப்போயிற்று. ஆமென்கூட அரையும் குறையுமாக வந்தது.

போதகருக்கும் தெரிந்திருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

என் அம்மா சாவு வீட்டில் நான் பெட்டியோரம் கிடந்து அழுதுகொண்டிருந்தேன். தித்திலியா குனிந்து என் காதில் சொன்னாள், "மூக்கைத் துடை அண்ணி, பாயில ஒழுகுது. நான் முடைஞ்ச பாய்." அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குத்தானே நாத்தனார். செத்த வீட்டில்கூடக் கேலி நிற்காது எங்கள் ஊரில்.

எனக்கு மட்டும் நின்றுவிட்டது.

அப்படியென்றால் எனக்குச் சாவைவிட மோசமாக ஏதோ ஆகப்போகிறது. அறுத்து எடுத்தார்களே ஓர் எலும்பு, அதில் ஏதோ பார்த்திருக்கிறார்கள். நர்ஸ் எரோனியிடம் சொல்லிவிட்டாள். எரோனி ஊரில் சொல்லிவிட்டார். நான் ஒருத்திதான் பாக்கி.

எரோனியிடம் கேட்டேன். "எதையாவது மறைக்கிறியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல." பேன் பார்க்கிற மாதிரி வலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். அந்த வலையில் ஓட்டையே இல்லை.

மார்ச் 27, வெள்ளி

காலைல முழிச்சப்ப, ஏன் முழிச்சேன்னு இருந்துச்சு. முழிக்காமலே இருந்திருந்தா எல்லாருக்கும் லேசா இருந்திருக்கும். இத எழுதணுமான்னு யோசிச்சேன். எழுதிட்டேன். யார்கிட்ட சொல்ல — சொன்னா "ஆண்டவர் காப்பார்"னு சொல்லிட்டுத் தரையைப் பாப்பாங்க.

எழுந்திருக்கல.

மார்ச் 30, திங்கள்

எரோனி படுக்கையோரம் வந்து உட்கார்ந்து என் பாதத்தைத் தேய்த்துவிட்டார்.  தேய்த்த பாதத்தையே மறுபடி மறுபடி தேய்த்தார். அவருக்கும் பயம்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

பிரமிளா வந்தாள். பெரிய வெள்ளிக்கு முன்னால் எல்லா ஊரையும் பார்த்துவிட வேண்டும் என்று அவசரத்தில் இருந்தாள். கதவைச் சாத்தச் சொன்னேன்.

"நேரா சொல்லிடு. எத்தனை நாள்?"

"எதுக்கு?"

"எனக்குத்தான். எத்தனை நாள் இருப்பேன்?"

அவள் என்னைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். "உனைசி அம்மா, உங்க எலும்பு நல்லா ஒட்டியிருக்கு. ரத்தம் நல்லா இருக்கு. நீங்க என்னையும் புதைச்சிட்டுத்தான் போவீங்க. யார் என்ன சொன்னாங்க?"

யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் சங்கதி என்றேன். பிறகு, எப்படி என்று தெரியவில்லை, இந்த நோட்டை எடுத்து 27ஆம் தேதியைக் காட்டினேன். அவளால் என் எழுத்தைப் படிக்க முடியவில்லை. நானே படித்துக் காட்டினேன். என் குரலில் கேட்டபோதுதான் அது எவ்வளவு பயங்கரம் என்று எனக்கே உறைத்தது.

அவள் பதறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆபரேஷனுக்கு அப்புறம் நிறைய பேருக்கு இது வருது. காலுக்கு மூணு மாசம்னு சொன்னா நம்புறீங்க. மனசுக்கு மட்டும் மூணு நாள்லயே சரியாகணுமா?" மாத்திரை தருவதாகச் சொன்னாள். வாரம் ஒரு முறை வந்து பேசுவேன் என்றாள். அந்த மாதிரி நினைப்பு மறுபடி வந்தால் எரோனியிடம் சொல்லி உடனே தன்னை ரேடியோவில் கூப்பிட வேண்டும் என்று சத்தியம் வாங்கினாள். கொடுத்தேன்.

பிறகு, "எழுந்திருங்க. வெளிய போவோம். வீட்டுக்குள்ளயே இருந்தா நான்கூட அழுதுடுவேன்" என்றாள்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஐந்து வாரத்தில் முதல் தடவையாக வெளியே இறங்கினேன். முப்பது அடி, நாற்பது அடி. சீமைப்பலா மரம் வரை போனோம். மரத்தைச் சுற்றித் திரும்பினேன். அங்கே கம்பு நின்றது.

ஆள் உயரக் கம்பு. தலைப்பில் பச்சைத் தென்னங்கீற்றைப் பின்னிக் கட்டியிருந்தார்கள். என் ஜன்னலிலிருந்து தெரியாதபடி மரத்துக்கு இந்தப் பக்கம் நட்டிருந்தார்கள். நான் பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன், ஊர் கூடிப் போடுகிற தடை. தம்பு. பழைய தலைவர் இறந்தபோது இதே மாதிரி கம்பை நட்டுத்தான் பவளத்திட்டை நூறு நாள் மூடினோம். யாரும் கால் வைக்கக்கூடாது, மீன் பிடிக்கக்கூடாது.

செத்தவர்களுக்கு நடுகிற கம்பு. என் வாசலில்.

 உட்காரவும் முடியாது, தரையில் உட்காரக்கூடாதே. வாக்கரைப் பிடித்தபடி நின்றுகொண்டே, "எரோனி" என்று கூப்பிட்டேன். என் பழைய தொண்டை. மூன்று வாரமாக எங்கே இருந்ததோ. கடற்கரையிலிருந்து ஓடி வந்தார். கம்பையும் என்னையும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் செத்துட்டேனா?"

"ஐயோ, உன்மேல இல்ல உனைசி. தம்பு உன்மேல இல்ல."

"பின்ன எதுமேல?"

"உன்னைக் கேலி பண்றதுமேல."

பிரமிளா அவரைப் பார்த்தாள். நான் பிரமிளாவைப் பார்த்தேன்.

அன்று வாசலில் அவள் சொன்னது இதுதானாம்: மனசு தளர்ந்திருக்கிறாள், ஒரு வாரம் கேலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். எரோனி போய் பெனியாசியிடம் சொன்னார். ஊர்க் கூட்டம் கூடிற்று. சின்ன விஷயமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். தலைவர் முன்னால், சடங்கில் கரைத்துக் குடிக்கிற யாங்கோனா வேர் வைத்து முறைப்படி கேட்டு, கம்பு நட்டுவிட்டார்கள். நூறு நாள்.

"நான் சொன்னது ஒரு வாரம்" என்றாள் பிரமிளா. குரல் மெலிந்துபோயிருந்தது.

"நூறுக்குக் குறைச்சு தம்பு போட்டு எங்களுக்குப் பழக்கமில்லீங்க" என்றார் எரோனி.

மீறினால் ஒரு பன்றி அபராதம். மீறியது ஒரே ஒருவர்தான், போதகர். ஜெபத்துக்கு நடுவே. பன்றியைக் கொடுத்துவிட்டாராம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்பே. சிரிச்சா தையல் பிரிஞ்சிடும்னு பெனியாசி சொன்னான்."

யார் முதலில் சம்மதம் சொன்னது என்று கேட்டேன். எரோனி மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தித்திலியா. நாங்க பேசி முடிக்கறதுக்குள்ள கையைத் தூக்கிட்டா."

ஊரில் தொண்ணூறு பேர். பேசாமல் ஒரு வேளை சோறு இறங்காத ஜனங்கள். என் நிலா ஜோக்கை வாங்கிக்கொண்டு நன்றி சொன்ன பெனியாசி. எல்லோருமாகச் சேர்ந்து தங்கள் நாக்கை எனக்காகக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு தலைவருக்குக் கடலை மூடுவார்கள். எனக்கு எதை மூடியிருக்கிறார்கள் பார். மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் காலுக்குள் இருக்கிற உருண்டையைவிட இது பெரிய அதிசயம். டாக்டருக்குச் சம்பளம் உண்டு.

அறுபத்திரண்டு அடி.

ஏப்ரல் 4, சனி

கம்பைப் பிடுங்கிப் போடுங்கள் என்றால் முடியாதாம். முறைப்படி போட்டதை முறைப்படித்தான் எடுக்க வேண்டும். தலைவர் சுவாவில் மகள் வீட்டில் இருக்கிறார். ஈஸ்டர் முடிந்துதான் வருவார்.

தித்திலியா வந்தாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். 

"எப்படி இருக்கீங்க அண்ணி?"

"நல்லா இருக்கேங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேங்க."

அவள் மூக்கு விடைத்தது. சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள். எரோனி சொன்னார், மூன்று வாரமாக அவள் தினமும் என்னைப் பார்த்துவிட்டு நேரே சேம்புத் தோட்டத்துக்குப் பின்னால் போகிறாளாம். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் பெனியாசியின் பன்றியிடம் சொல்கிறாளாம். பன்றி இளைத்துவிட்டதாம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மாத்திரை வாயைக் காய வைக்கிறது. சாறு கொஞ்சம் மீன் மாதிரி ருசித்தது. ஐம்பது அடி.

ஏப்ரல் 11, சனி

தம்பு எடுத்தார்கள்.

தலைவர் வீட்டில் எல்லோரும் பாயில். நான் நாற்காலியில் உட்கார்ந்தால் தலைவர் தலைக்கு மேலே என் தலை. உட்காராவிட்டால் நிற்க வேண்டும், அது அதைவிட மோசம். ஊர் முழுக்க யோசித்தது. வீட்டுத் தரை மேட்டில் இருக்கிறதல்லவா, நான் வெளியே மண்ணில் வாக்கரோடு நின்று வாசலில் சாய்ந்துகொண்டால் என் தலை தலைவர் தலைக்குக் கீழே வந்துவிடும் என்று பெனியாசி கயிறு பிடித்து அளந்து கண்டுபிடித்தார். இரண்டு விரல் கீழே. அப்படியே நின்றேன்.

யாங்கோனா கரைத்தார்கள். கை தட்டினார்கள். தலைவர் குடித்தார். எண்பது வயசு, குரல் காற்று மாதிரி இருக்கும். "இந்தப் பொண்ணுக்காக மூடினதைத் திறக்கிறோம்" என்றார். பெனியாசி போய்க் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து கிடத்தினார். மறுபடி கை தட்டல். முடிந்தது.

யாரும் பேசவில்லை.

அவ்வளவு பேர் வாயிலும் அவ்வளவு இருந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தித்திலியாவைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. அழுதுவிடுவாளோ என்று பயந்தேன்.

"வாசல்ல நிக்கிறவளைப் பாருங்க" என்றாள். "இந்த வீட்டுக்குள்ள வர்ற தகுதி இவளுக்கு இல்லன்னு முப்பது வருஷமா சொல்றேன். இன்னைக்குத்தான் அவளுக்குப் புரிஞ்சிருக்கு."

தலைவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் ஊர் சிரித்த சிரிப்பில் கூரையே போய்விட்டது.

அந்தக் காலத்தில் நூறு நாள் கழித்துக் கடலைத் திறந்தபோது வலையே வேண்டியிருக்கவில்லை. மீன் காலில் வந்து முட்டிற்று. குனிந்து கையால் எடுத்தோம். எல்லோரும் கொஞ்ச நேரம் பிடிக்காமல் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவு மீன். இன்று அப்படித்தான். நாலு பக்கமிருந்தும் வந்தது. என் சிம்மாசனங்கள், என் வாக்கர், என் எரோனி வைக்கிற சாறு, ஆஸ்பத்திரியில் காலோடு சேர்த்து நாக்கையும் மாற்றியிருக்க வேண்டும் என்று ஒருத்தி. பெனியாசி நிலாவுக்கு மூன்று பதில் சேர்த்து வைத்திருந்தார், மூன்றையும் வரிசையாகச் சொன்னார். போதகர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவரிடம் இன்னொரு பன்றி இல்லை.

  கேட்டுக்கொண்டே நின்றேன். தையல் வலித்தது. பிரியவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

திறந்துவிட்டார்கள், சரியாகிவிட்டேன் என்று எழுதினால் அது பொய். இன்று காலை மறுபடி அந்தக் கனம். கண் திறக்கப் பிடிக்கவில்லை. எரோனியிடம் சொன்னேன். சத்தியம் செய்திருக்கிறேனே. அவர் ரேடியோவில் பிரமிளாவைக் கூப்பிட்டார். அவள் என்னோடு பேசிக்கொண்டே இருந்தாள், அவள் ஊர்க் கரும்பு, அவள் மாமியார், எதையெதையோ. மத்தியானம் எழுந்தேன். மரத்தடி வரை.

ஒரே ஒரு வித்தியாசம். தித்திலியா வந்து, "இன்னைக்கு உன் முகம் போன வாரத்து ரொட்டி மாதிரி இருக்கு" என்றாள். உள்ளதைத்தானே சொல்கிறாள் என்று இருந்தது. ஆண்டவர் காப்பார் என்று அவள் சொல்லியிருந்தால் இன்னும் படுத்தேதான் இருந்திருப்பேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

நூற்று நாற்பது அடி. இரண்டு நாள் நல்ல நாள், ஒரு நாள் கெட்ட நாள் என்று வருகிறது. முன்பு எல்லாம் கெட்ட நாள்.

மே 2, சனி

பிரமிளா தண்ணீரில் நடக்கலாம் என்றாள். தித்திலியா ஒரு கை, எரோனி ஒரு கை. முழங்கால், தொடை, இடுப்பு. இடுப்பளவு வந்ததும் கால் காணாமல் போய்விட்டது. வலி, கனம், இரும்பு, ஒன்றுமில்லை. கடல் என்னைத் தன் கையில் வாங்கிக்கொண்டது. பிறந்ததிலிருந்து இந்தத் தண்ணீரில்தான் நிற்கிறேன். இது இவ்வளவு தாங்கும் என்று ஒரு நாளும் கவனித்ததில்லை. கீழே தெளிவாகத் தெரிந்தது, என் இரண்டு பாதம், மணல், ஒரு நீல நட்சத்திர மீன். எது எந்தக் கால் என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை.

பேசாமல் நின்றேன். தித்திலியாகூடப் பேசவில்லை. தம்பு எதுவும் இல்லாமலே.

மே 16, சனி

வலைக்குப் போனேன். நர்ஸ் அனுமதி தந்திருந்தாள். ஏழு பெண்கள். வலை பிடிக்க விடவில்லை, நடுவில் நின்று தண்ணீரை அடித்துச் சத்தம் போடச் சொன்னார்கள். போட்டேன். பக்கத்து ஊர் வரை கேட்டது என்றார்கள்.

பிடித்ததைக் கயிற்றில் கோத்து என்னிடம் தந்தார்கள். பதினொரு மீன். கை இரண்டும் தண்ணீர் அடிக்க வேண்டியிருந்ததால் கயிற்றை இடுப்பில் சுற்றியிருந்த சுலுத் துணியின் முடிச்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். தித்திலியா என் தொண்டையைப் பற்றி ஒன்று சொன்னாள். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நீளமான பதில். அப்போது கறுப்புத் துடுப்புச் சின்னச் சுறா ஒன்று வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தது. கயிறு அறவில்லை. சுலு அவிழ்ந்தது. மீன் பதினொன்றும் சுலுவும் மேற்கே போயின.

சுலுவுக்குள் எரோனியின் பழைய ரக்பி அரைக்கால் சட்டை போட்டிருந்தேன். பின்பக்கம் ஏற்கெனவே கிழிந்தது. கரையில் போதகரும் சர்ச் கமிட்டியும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கடல் வடிந்துகொண்டிருந்தது, என் இடுப்பிலிருந்து தொடைக்கு.